மூடி திறந்து ஆறு எண்ணும்வரை

கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எதில் படம் சுலபமாக விழும்? மலாயாவில், மலாக்கா டவுனில் அப்பன் விட்டுப்போன போட்டோக் கடையை நடத்திக்கொண்டிருந்த ஜூலியஸ், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நாக்குத் தேய்ந்தவன். 1932-ஆம் வருஷம் தைப்பூசம் கழிந்த வாரத்தில் நல்லமுத்து என்கிற மாட்டுவண்டிக்காரன் வந்து கேட்ட கேள்வியோ அவன் அதுவரை கேட்டிராதது.

"இதுல எந்தப் பொட்டிங்க ரொம்ப மெதுவு?"

ஜூலியஸுக்கு இருபத்தைந்து வயசு. கேட்டவனுக்கு நாற்பது தாண்டியிருக்கும். சரியாகக் காதில் விழவில்லை போல என்று நினைத்து, வழக்கமாகச் சொல்வதையே சொல்ல ஆரம்பித்தான். மேசைமேல் முதலில் வைத்தது கறுப்பு அட்டைப் பெட்டிக் கேமரா. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து, விசையைத் தட்டினால் தீர்ந்தது வேலை. வெயிலில் நிற்க வைத்து எடுத்தால் குருடன்கூடப் படம் பிடிக்கலாம் என்றான்.

"ஆளு அசைஞ்சா?"

"கொஞ்சம் அசைஞ்சாலும் பாதகமில்லண்ணே. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள எடுத்துரும்."

"அப்ப எனக்கு வேணாம்."

அடுத்தது மடக்குக் கேமரா. திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி முன்னால் நீண்டு வந்தது. ஆள் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறான் என்று உத்தேசமாகக் கணித்து ஊசியைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் பழகிவிட்டால் ஓடுகிற குதிரையைக்கூட அப்படியே நிறுத்திக் காட்டும் என்றான் ஜூலியஸ். நல்லமுத்து வேண்டாமென்று தலையை ஆட்டினான். குதிரையை நிறுத்தி அவனுக்கு என்ன ஆகவேண்டும்? நிற்கிறவனை இல்லாமலாக்குகிற பெட்டி எது என்று தேடித்தான், ஒரு ஜோடிக் காளையை விற்றுவிட்டு அவன் வந்திருந்தான்.

கடையின் மூலையில் சாக்குத் துணி போர்த்தி ஒன்று நின்றது. அவன் கண் அங்கே போனது.

"அது எங்கப்பா காலத்துது. கெடக்கட்டும்ண்ணே. அதுக்கு விசையே கெடையாது. கண்ணாடித் தகட்ட உள்ள சொருகி, முன்னால இருக்கிற மூடியத் தொறந்து, எண்ணி, திரும்ப மூடணும். வெளிச்சம் கொறஞ்ச எடத்துல ஆறு எண்ணணும். அதுவரைக்கும் எதிர்ல இருக்கிற ஆளு மூச்சுகூட விடக்கூடாது. அசைஞ்சா வெறும் புகைதான்."

"அசைஞ்சவங்க மட்டுந்தானே புகையாவாங்க? பக்கத்துல அசையாம நிக்கிறவங்க?"

"அவங்க கல்லுல வெட்டி வெச்ச மாதிரி விழுவாங்க."

நல்லமுத்து சாக்கை உருவினான். தேக்கு மரத்தில் மூன்று கால், அதன்மேல் பெட்டி, பின்னால் தொங்கும் கறுப்புத் துணி. பித்தளை வளையத்துக்குள் ஒற்றைக் கண். ஜூலியஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது ஆகாது, சொன்னா கேளுங்க லா! நீச்சல் தெரியாதவன் நடுக்கடல்ல குதிச்ச கதையாயிரும்."

ஆனாலும் விற்க மாட்டேன் என்று எந்த வியாபாரியும் சொன்னதில்லை. கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் கேமராவை நிறுத்தி, துணிக்குள் தலையை விடச் சொல்லிவிட்டு எதிரே போய் நின்றான். உள்ளே மங்கலான கண்ணாடியில் சாலை முழுவதும் கவிழ்ந்து கிடந்தது. ரிக்‌ஷா தலைகீழாக ஓடியது. ஜூலியஸ் வௌவால்போலத் தொங்கினான். அந்த இடத்தில் இன்னொருவனை வைத்துப் பார்த்தான் நல்லமுத்து. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த இன்னொருவன் தங்கராஜு கிராணி.

பெம்பான் பக்கத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி; பெரிய துரைக்கு அடுத்தபடி அவன்தான் எல்லாம். அங்கே நல்லமுத்து புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவனாக இருந்தான். பெண்சாதி கருப்பாயி பால்மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பால் எடுத்தாள். 1929-இல் பழைய துரை சீமைக்கே திரும்பப் போகிறார் என்று தோட்டத்தில் எல்லாரையும் வைத்துப் படம் எடுத்தார்கள். வேலைக்குப் போகிற கோலத்திலேயே, கத்தியும் வாளியுமாக வந்து நிற்க வேண்டும் என்பது உத்தரவு. கருப்பாயி கேட்டால்தானே? முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளுடைய ஆத்தா, 'உன் முகமே மறந்துபோச்சு' என்று ஆள் வைத்து எழுதிய காகிதத்தை மடியில் முடிந்துகொண்டு, கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். படத்தில் ஒன்றை எப்படியாவது வாங்கி ஆத்தாவுக்கு அனுப்பிவிடலாம் என்று அவளுக்கு ஆசை.

பின்வரிசையில் பெஞ்சுமேல் கடைசி ஆளாக நின்றாள். அவளை ஒட்டி நல்லமுத்து. அவர்களுக்கு நேர் முன்னால் கிராணி. வெளியூரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் அசையாதீர்கள் என்று சொல்லி மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கிராணியின் கடைக்கண்ணில், காற்றில் முன்னால் பறந்த அவள் முந்தானையின் சிவப்புச் சரிகை பட்டுத் தொலைத்தது. தலையைத் திருப்பவில்லை அவன். உதடுகூடச் சரியாகப் பிரியவில்லை.

"கீழ எறங்குடி. இது கல்யாண வீடு இல்ல."

கருப்பாயி பயந்துபோய்க் குதித்துவிட்டாள். மூடியைப் போட்ட போட்டோக்காரர், ஒரு பெண் அசைந்துவிட்டது, இன்னொரு தகட்டில் எடுத்துவிடலாம் என்றார். கிராணி முகத்தைச் சுளித்தான்.

"ஒரு கூலிக்காரிக்காக இன்னொரு பிளேட்டா? இதுவே போதும்."

இவ்வளவும் நல்லமுத்து காதில் விழுந்தது. அவன் அசையவில்லை. அசையாதே என்று சொன்னார்கள், அசையாமல் நின்றான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் மூஞ்சியிலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கும் அவனுக்கு.

படம் வந்து ஆபீஸ் சுவரில் மாட்டிய வாரத்தில் கருப்பாயிக்கு விஷக்காய்ச்சல். மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். லோரி வேண்டுமானால் கிராணி சொல்ல வேண்டும். நல்லமுத்து ஆபீஸ் படியில் கைகட்டி நின்றான். கிராணி சுவரில் இருந்த படத்தைப் பேனாவால் சுட்டிக் காட்டினான். பின்வரிசை ஓரத்தில், நல்லமுத்துவுக்குப் பக்கத்தில், அடுப்புப் புகை மாதிரி ஒரு தீற்றல்.

"பாத்தியா, படத்துலயே ஒம்பொஞ்சாதி நிக்கல. உருவம் நிக்காதவங்களுக்கு உசுரும் நிக்காது. லோரிய எதுக்குடா வீணா ஓட்டணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கு அது தமாஷ். மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு போனான் நல்லமுத்து. பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதோடாவது விட்டதா? கிராணி வாயிலிருந்து விழுந்தது தோட்டத்துக்கு வேதம். கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அதே பேச்சு. கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது, அவள் விதி அப்படி, உருவம் நிக்கல பாரு என்றார்கள். கருப்பாயியின் உடன்பிறந்த அக்கா வேலாயிகூடக் குழாயடியில் அதையே சொல்லி மூக்கைச் சிந்தினாள். கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவள் தலையெழுத்தின்மேல் பழியைப் போட்டார்கள். அவள் முகமோ உலகத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை. நல்லமுத்து தோட்டத்தைவிட்டு வெளியேறி வண்டியோட்டினான். ஒன்றை மட்டும் அவன் மறக்கவில்லை. மூடி திறந்திருக்கும்போது ஒரு வார்த்தை போதும், ஒரு ஆளை இல்லாமல் ஆக்கிவிடலாம்.

கேமராவை வாங்கியதும் ஜூலியஸின் கடையிலேயே ஒட்டிக்கொண்டான். பின்னறையில் சிவப்புக் கண்ணாடி விளக்கின் கீழ்த் தகடுகளைக் கழுவப் பழகினான். முதலில் மிச்சமிருந்த காளைகளை எடுத்தான். அவை வாலை ஆட்டிக்கொண்டே நின்றதால் வாலில்லாத மாடுகளாக விழுந்தன. அடுத்து ஜூலியஸை நிறுத்தி, ஒன்று எண்ணும்போது நகர், மூன்று எண்ணும்போது நகர், ஐந்தில் நகர் என்று மாற்றி மாற்றி எடுத்தான். ஐந்தில் நகர்ந்தால் மங்கலாக ஆள் தெரிந்தான். மூன்றில் நகர்ந்தால் பாதி ஆள். ஒன்றிலேயே நகர்ந்துவிட்டால் பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று விழுந்தது, ஆள் இருந்த இடத்தில் ஊதுவத்திப் புகை அளவுக்கு ஏதோ ஒன்று.

"எல்லாரும் படம் கெட்டுறக் கூடாதுன்னு கத்துக்குவாங்க. நீங்க எப்படிக் கெடுக்கிறதுன்னு கத்துக்கிறீங்களேண்ணே!" என்றான் ஜூலியஸ்.

"நல்லா எடுக்கவும் கத்துக்கிட்டேன் தம்பி. கெடுக்கிறதுதான் கஷ்டமான வேல" என்றான் நல்லமுத்து.

காத்திருப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. தோட்டத்துக் கிராணிக்குப் பெருமை அடித்துக்கொள்ள ஒரு நாள் வராமலா போய்விடும்? 1934-இல் வந்தது. இருபத்தைந்து வருஷ சேவைக்குப் புதுத்துரை வெள்ளிக் கடிகாரம் கொடுத்தார். குடும்பத்தோடு பெரிய படம் எடுத்துச் சட்டம் போட வேண்டும் என்று கிராணி கடைக்குச் சொல்லி அனுப்பினான். அன்றைக்கு ஜூலியஸுக்குத் தங்கா பத்து என்கிற ஊரில் ஒரு ஞானஸ்நானப் படம் எடுக்க வேண்டியிருந்தது. நான் போகிறேன் என்று நல்லமுத்து முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

கிராணி பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

"டேய், ஸ்மோக் அவுசு நல்லமுத்துதானே நீ? ஷீட்டு காயப்போட்டவனெல்லாம் கேமரா தூக்க ஆரம்பிச்சாச்சா?" வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினான். "ஒம்பொஞ்சாதிதானே அந்தப் படத்துல புகையாப் போனவ? என்னா, இப்பவாவது உருவம் நிக்கிற மாதிரி எடுப்பியா?"

பெஞ்சைவிட்டு இறங்கச் சொன்ன வார்த்தை கிராணிக்கு ஞாபகமில்லை. சிரித்தது மட்டும்தான் ஞாபகம். நல்லமுத்து முக்காலியைத் தோளிலிருந்து இறக்கினான். "எடுக்கிறேங்கய்யா" என்றான் பணிவாக.

வெயிலில் எடுக்கலாமே என்றாள் கிராணியின் மனைவி. கண் கூசும் அம்மா என்று சொல்லி, நிழல் விழுந்த வராந்தாவில் நாற்காலியைப் போட்டான். நிழல் இருந்தால்தானே ஆறு எண்ண முடியும்? கிராணி கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்தான். பக்கத்தில் சின்ன மேசை, அதன்மேல் வெள்ளிக் கடிகாரம். நாற்காலியின் பின்னால் அந்த அம்மாள், இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

"ஒரு விஷயம் சொல்லிர்றேன். நான் மூடியத் தொறந்து ஆறு எண்ணுறவரைக்கும், இடியே விழுந்தாலும் அசையாதீங்க. அசைஞ்சா உருவம் நிக்காது. உருவம் நிக்காட்டி என்னா ஆவும்னு ஐயாவுக்கே தெரியும்."

"ஆமா ஆமா, யாரும் அசையக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கிராணியே எல்லாரையும் மிரட்டி வைத்தான்.

நல்லமுத்து கறுப்புத் துணிக்குள் நுழைந்தான். கிராணி தலைகீழாகத் தொங்கினான். பார்க்க வேண்டியதைவிட அதிக நேரமே பார்த்துக்கொண்டிருந்தான் அவன். பிறகு வெளியே வந்து, தகட்டைச் சொருகி, தகட்டை மறைத்திருந்த பலகையை இழுத்துவிட்டு, மூடியைக் கழற்றினான். கழற்றிய கையோடு, தலையைத் திருப்பாமல், உதடு பிரியாமல் சொன்னான்:

"கீழ எறங்குடா. இது கல்யாண வீடு இல்ல."

ஒன்று எண்ணி முடிப்பதற்குள் கிராணி எழுந்துவிட்டான். உயிரைவிட மரியாதை பெரிது அவனுக்கு. ஒரு கூலிக்காரன் தன்னை 'டா' போடுவதா! முகம் கறுத்து, வராந்தா விளிம்பையும் தாண்டி, கேமராவுக்கு ஓரமாக நல்லமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றான். பின்னால் மனைவி மக்கள் கண்ணிமைகூட அசைக்கவில்லை. அசைந்தால் செத்துப்போவோம் என்பதுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியுமே. நல்லமுத்து நிறுத்தி நிதானமாக ஆறு வரை எண்ணி மூடியைப் போட்டான்.

"யாரைடா சொன்னே?"

"நாயச் சொன்னேங்க. படியில ஏறப் பாத்துச்சு."

படியில் உண்மையாகவே ஒரு நாய் காலையிலிருந்து படுத்துக் கிடந்தது. கிராணி அதைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். கோபம் இறங்கியதும் பயம் வந்தது. "நான் அசஞ்சிட்டேனோ?"

"நீங்க அசைவீங்களாய்யா? எங்களமாதிரி ஆளுங்கதான் அசைவோம்."

மறுநாள் சிவப்பு வெளிச்சத்தில் அந்தத் தகடு மருந்துத் தண்ணீருக்குள் மெல்லத் தெளிந்தது. அதிலிருந்து எடுத்த படத்தில் நாற்காலிக் கையின் பூவேலை தெரிந்தது. கடிகாரம் மின்னியது. அந்த அம்மாள் கழுத்துத் தாலிக்கொடி ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. வெறும் நாற்காலிக்குப் பின்னால் குடும்பமே துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றது. கிராணி இருந்த இடத்தில் ஒரு கொத்துப் புகை. நல்லமுத்து கைதட்டிச் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பெரிய சட்டம் போட்டு, துணி சுற்றாமல், லயத்துக்கு நடுவே மெதுவாகத் தூக்கிக்கொண்டு நடந்தான். குழாயடியில் வேலாயி குடத்தைக் கீழே போட்டாள்.

"அடியாத்தீ! கிராணி எங்க? அம்மா காலி நாக்காலிக்குப் பின்னால நிக்குதே!"

"உருவம் நிக்கலடி" என்றாள் ஒருத்தி.

கிராணி வீட்டுக்குப் படம் போய்ச் சேரும் முன்பே பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அவள்மேல் நல்லமுத்துவுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது, ஆனால் கருப்பாயியை ஏற்றிப்போன வண்டி ஞாபகம் வந்ததும் போய்விட்டது. கிராணி முதல் நாள் கத்தினான். அடுத்த நாள் லேசாகத் தும்மினான். மூன்றாம் நாள் படுத்துவிட்டான். டிரஸ்ஸர் உடம்பில் ஒன்றுமே இல்லை என்றார், யார் நம்பினார்கள்? கூலிகளை மேய்க்கும் மண்டோர் இருளாண்டிகூடக் கிராணி வீட்டுப் பக்கம் வராமல் வழி மாறிப் போனான். அடுத்த கிராணி எந்தத் தோட்டத்திலிருந்து வருவான் என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தான் தோண்டிய குழியில் தானே விழுந்து, அதன் ஆழத்தையும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தான் தங்கராஜு.

பத்தாம் நாள் மலாக்காக் கடைக்கு வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"நல்லமுத்து, அசஞ்சதனாலதானே அப்படி விழுந்திருக்கு? வேற ஒண்ணும் இல்லியே? தோட்டத்துல வந்து சொல்லுப்பா. வீட்டுல அவ சோறு தண்ணி எறக்க மாட்டேங்குறா."

"நான் சொன்னா யாருங்க நம்புவா? உருவம் நிக்காட்டி உசுரு நிக்காதுன்னு சொன்னது நீங்க. இல்லன்னும் நீங்கதான் சொல்லணும். நாக்காலிய விட்டு எதனால எந்திரிச்சீங்கன்னு காலப் பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கிறப்ப சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, கருப்பாயி எதனால பெஞ்ச விட்டுக் குதிச்சான்னு சொல்லுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகக் கிராணிக்கு விளங்கியது. "அந்த வார்த்த... அது..."

"ஒங்க வார்த்ததாங்க. அஞ்சு வருஷம் பத்திரமா வெச்சிருந்து திருப்பிக் குடுத்தேன்."

சொல்லாவிட்டால் சாவுதான் என்று ஊர் சொல்லும். சொன்னால் மானம் போகும். உயிரைவிட மரியாதை பெரிது என்று இருந்தவனுக்குப் பத்து நாளில் அந்தக் கணக்கு மாறிப்போயிருந்தது.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வாளியும் கத்தியுமாக வரிசை பிடித்து நின்றவர்கள் முன்னால், ஆபீஸ் படியில் நின்று தங்கராஜு கிராணி வாயைத் திறந்தான். சத்தமே எழும்பவில்லை. கேமராவைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்றிருந்த நல்லமுத்து, "எல்லாருக்கும் கேக்கணும்யா" என்றான்.

"கருப்பாயி தானா அசையல. நான்தான் எறங்கச் சொன்னேன். அசஞ்சா யாரா இருந்தாலும் படத்துல புகைதான். அதுக்கும் உசுருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. லோரியும் நான்தான் குடுக்கல."

வேலாயி வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "என் தங்கச்சி தலையெழுத்துன்னு என் வாயாலயே சொல்ல வெச்சியேடா படுபாவி!" என்று குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி குனிந்தாள். பிறகு வரிசையே குனிந்தது. ஆண்கள் யாரும் தடுக்கவில்லை.

கிராணி தலையிலும் தோளிலும் மண்ணோடு நல்லமுத்து பக்கம் திரும்பினான். "சொல்லிட்டேன்ல? இப்ப எல்லாரும் பாக்க ஒரு படம் எடுத்துருப்பா. உருவம் நிக்கிறத இவங்க பாக்கட்டும்." கேமராவுக்கு நேரே வந்து, கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு நிலையாக எந்த மனிதனும் நின்றிருக்க மாட்டான்.

நல்லமுத்து துணிக்குள் ஒரு தடவை பார்த்தான். வெளியே வந்து, முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"ஒரு கிராணிக்காக இன்னொரு பிளேட்டா? இதுவே போதும்."

கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குள் போனான். சுவரில் இருந்த பழைய படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். யாரும் கேட்கவில்லை. கிராணி இன்னும் அதே இடத்தில் அசையாமல்தான் நின்றான்.

பெம்பான் முச்சந்தியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தபோதுதான் படத்தை மடியில் வைத்துப் பார்த்தான். ஐந்து வருஷத்துத் தூசியை வேட்டி நுனியால் துடைத்தான். பின்வரிசை ஓரத்தில் கருப்பாயி புகையாக இருந்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அதில் முகம் கிடைக்கவில்லை. பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அவன் மட்டும் கல்லில் வெட்டி வைத்த மாதிரி தெளிவாக நின்றுகொண்டிருந்தான்.